கைச்செலவு என்னும் பிழைக் கணக்கு

சென்னையின் மேற்குப் புறநகரில், ஆவடிக்கு வடக்கே உள்ள வெள்ளானூரிலும் அதை ஒட்டிய ஊர்களிலும், நாற்பதைத் தாண்டிய பெண்ணொருத்தி ஈட்டும் பணத்துக்குப் பல வீடுகளில் வழங்கும் பெயர் கைச்செலவு என்பதாகும். அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்குத் தைக்கப் போகிறவளின் சம்பளமும், தனியார் பள்ளியில் ஆயாவாக இருப்பவளின் சம்பளமும், மழலையர் வகுப்பு ஆசிரியையின் சம்பளமும், வீட்டு வாசலில் மாவரைத்து விற்கிறவளின் வரும்படியும் அந்த ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. கணவனுடையது சம்பளம், அவளுடையது கைச்செலவு. ஆகவே மாமியார் படுக்கையில் விழுந்தாலோ, தகப்பனுக்குப் பக்கவாதம் வந்தாலோ, மகளுக்குப் பேறுகாலம் நெருங்கினாலோ, முதலில் நிற்க வேண்டியது அவளுடைய வேலைதான் என்ற முடிவு யாரும் கூடிப் பேசாமலே எடுக்கப்பட்டுவிடுகிறது. அவள் சம்பாதித்துத்தான் இந்த வீடு நடக்க வேண்டுமா என்ற கேள்வி அந்த முடிவுக்கு முத்திரை வைக்கிறது. இந்தக் கருத்து பாசத்தின் மொழியிலும் பண்பாட்டின் மொழியிலும் பேசப்பட்டாலும், அடிப்படையில் அது ஒரு கணக்கு. அந்தக் கணக்கு தவறு என்பதும், அந்தத் தவறுக்கான விலையை ஒரு பெண் தன் அறுபதாவது வயதுக்குப் பிறகு தனியாகக் கட்டுகிறாள் என்பதுமே இங்கு நிறுவப்பட வேண்டியவை.

இக்கருத்தைக் கொண்டவர்கள் கணவன்மார் மட்டுமல்லர். வேலை கொடுப்பவர்களும் அதையே நம்புகிறார்கள், அரசின் சொல்லாட்சியிலும் அது ஊடுருவியிருக்கிறது, பெண்களே அதைத் தங்கள் வாயால் சொல்லிக்கொள்கிறார்கள். 2024 ஜூன் மாதம் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் வெளியிட்ட புலனாய்வுச் செய்தி, ஸ்ரீபெரும்புதூரில் ஐபோன் பொருத்தும் ஃபாக்ஸ்கான் ஆலைக்கு ஆள் எடுத்தவர்கள், குடும்பப் பொறுப்பு மிகுதி என்ற காரணத்தைச் சொல்லித் திருமணமான பெண்களை ஒதுக்கினார்கள் என்று கூறியது. நிறுவனம் பாகுபாடு இல்லையென்று மறுத்து, புதிதாகச் சேர்க்கப்பட்ட பெண்களில் நான்கில் ஒரு பங்கினர் மணமானவர்கள் என்றது. ஒன்றியத் தொழிலாளர் அமைச்சகம் தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில், அதே வட்டாரத்தில், வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கக்கூடிய விடுதி வளாகத்தை சிப்காட் கட்டி முடித்துத் திறந்தது. இளம்பெண்கள் பாதுகாப்பாகத் தங்கி வேலை செய்ய அத்தகைய இடம் தேவை என்பதில் ஐயமில்லை. ஆனால் இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள் என்று பெருமைப்படும் மாநிலத்தில், அந்தப் பெருமை பெரும்பாலும் மணமாகாத இருபது வயதின் மேல் நிற்கிறது என்பதையும், அந்த வயதைத் தாண்டி வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டு வேலைக்கு வரும் பெண்ணுக்கென இதற்கு இணையான ஓர் ஏற்பாடு எழவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பெண் வீட்டில் இருப்பதும் ஆண் சம்பாதிப்பதும் தொன்றுதொட்டு வரும் முறை என்ற வாதம் இந்த வட்டாரத்தைப் பொறுத்தவரை வரலாற்றுக்கே பொருந்தாது. வயல்களும் ஏரிகளுமாக இருந்த இந்த ஊர்களில் நாற்று நட்டவர்களும் களையெடுத்தவர்களும் பெண்கள். செங்கல் சூளையில் கல் சுமந்தவர்களும், பக்கத்துச் செங்குன்றத்தின் அரிசி ஆலைகளில் நெல் உலர்த்தியவர்களும் பெண்கள். அவர்களில் எவரும் கைச்செலவுக்காக வெயிலில் நிற்கவில்லை. ஆவடியில் 1961ஆம் ஆண்டு கனரக வாகனத் தொழிற்சாலையும் படைத்துறை உடைத் தொழிற்சாலையும் அமைந்து, 1964ஆம் ஆண்டு அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் எழுந்த பிறகுதான், ஓர் ஆணின் மாதச் சம்பளத்தில் ஒரு குடும்பம் நடக்கலாம் என்ற நிலை இங்கே ஒரு பகுதி வீடுகளுக்கு வாய்த்தது. குடியிருப்பு, மருத்துவம், ஓய்வூதியம் ஆகியவற்றோடு கூடிய அந்த வேலை ஒரு தலைமுறைக்குப் பெரிய ஏற்றம் என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அறுபதாண்டு வயதைச் சற்றே தாண்டிய அந்த ஏற்பாட்டைப் பழம்பண்பாடு என்று அழைப்பதும், அந்த வேலைகள் ஒப்பந்த வேலைகளாகச் சுருங்கிவிட்ட காலத்திலும் அது அப்படியே நிற்பதாக எண்ணிக்கொள்வதும் கண்ணை மூடிக்கொண்டு நடப்பதற்குச் சமம். வீட்டுக் கடன் தவணையும் பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணமும் கட்டும் குடும்பங்களில் மனைவியின் சம்பளம் இல்லாமல் மாதக் கடைசி நகராது என்பது அந்த வீடுகளுக்கே தெரியும். தெரிந்தும் பெயர் மட்டும் கைச்செலவு என்றே நீடிக்கிறது.

இனி, அவள் வேலையை விட்டு நிற்காத நாளில் என்ன செய்கிறாள் என்பதைப் பார்க்க வேண்டும். நேரப் பயன்பாட்டு ஆய்வு என்பது, ஒருவர் இருபத்துநான்கு மணி நேரத்தை எந்தெந்தக் காரியத்தில் செலவிட்டார் என்பதைக் கேட்டுக் குறித்துக்கொள்ளும் கணக்கெடுப்பாகும். தேசியப் புள்ளியியல் அலுவலகம் இந்திய அளவில் 2019ஆம் ஆண்டு எடுத்த அத்தகைய கணக்கெடுப்பில், ஊதியமற்ற வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டார்கள். 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பெண்களின் நேரம் 289 ஆகக் குறைந்தது. வீட்டு வேலையின் சுமை குறைந்துவருகிறது என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுபவர்கள் உண்டு. ஆனால் அதே காலத்தில் ஆண்களின் நேரமும் 88 ஆகக் குறைந்திருக்கிறது. ஆகவே இருவருக்கும் இடையிலான இடைவெளி 202 நிமிடங்களிலிருந்து 201 நிமிடங்களாயிற்று. ஐந்தாண்டுகளில் குறைந்தது ஒரே ஒரு நிமிடம். எரிவாயு அடுப்பும் மாவரைக்கும் எந்திரமும் குழாய்த் தண்ணீரும் பெண்ணின் வேலையைச் சற்றே குறைத்திருக்கலாம், ஆனால் ஆணின் கை அதில் கூடுதலாகச் சேரவில்லை.

வீட்டு வேலை வேறு, பராமரிப்பு வேறு என்பதையும் இங்கே பிரித்துச் சொல்ல வேண்டும். சமைப்பதும் துவைப்பதும் வீட்டு வேலை. குழந்தையையோ முதியவரையோ நோயாளியையோ குளிப்பாட்டுவதும், ஊட்டுவதும், மருந்து கொடுப்பதும், மருத்துவமனைக்கு அழைத்துப் போய் வரிசையில் நிற்பதும் பராமரிப்பு. 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 15 வயது முதல் 59 வயது வரையுள்ள பெண்களில் 41 விழுக்காட்டினர் வீட்டாரைப் பராமரிக்கும் வேலையில் ஈடுபடுகிறார்கள், ஆண்களில் 21.4 விழுக்காட்டினர்; ஈடுபடும் பெண் அதற்குச் செலவிடுவது 140 நிமிடம், ஆண் 74 நிமிடம். நடுவயதுப் பெண்ணுக்கு இந்தப் பராமரிப்பு இரு திசையிலிருந்தும் வருகிறது. மேலே இரண்டு குடும்பங்களின் முதியவர்கள், கீழே படிப்பும் வேலையும் திருமணமும் முடியாத பிள்ளைகள், சில வீடுகளில் பேரக்குழந்தையும் உண்டு. அவளுடைய உடலே மாதவிடாய் நிற்கும் பருவத்தின் தூக்கமின்மையோடும் மூட்டுவலியோடும் போராடும் ஆண்டுகளும் இவைதாம். தமிழ்நாட்டில் அறுபது வயதைக் கடந்தவர்கள் 2011ஆம் ஆண்டு மக்கள்தொகையில் 10.4 விழுக்காடு, 2031ஆம் ஆண்டில் அது 18.2 விழுக்காடாகும் என்பது அரசுத்துறை வல்லுநர் குழுவின் கணிப்பு. ஒரு பெண்ணுக்குச் சராசரியாக இரண்டு குழந்தைக்கும் குறைவு என்ற நிலையில் உள்ள மாநிலத்தில், பெரியவர்களைப் பார்க்கும் பொறுப்பைப் பகிர்ந்துகொள்ள முன்போல் ஐந்தாறு பிள்ளைகளும் மருமகள்களும் இல்லை. எல்லாச் சுமையும் ஒருத்தியின் தோளுக்கு வந்துசேரும் காலம் எதிரே நிற்கிறது.

வேலையை விட்டு நிற்கச் சொல்பவர்கள் காட்டும் மிக வலுவான நியாயத்தை அதன் முழு வலிமையோடும் எடுத்துக்கொள்வதே முறை. மாமியாருக்குப் பக்கவாதம் வந்துவிட்டது என்று கொள்வோம். வீட்டோடு தங்கிப் பார்க்கும் ஆளை ஏஜென்சி மூலம் வைத்தால் மாதம் இருபதாயிரம் ரூபாய் ஆகிறது, மருமகளின் சம்பளமோ பன்னிரண்டாயிரம். எட்டாயிரம் ரூபாய் நட்டத்துக்கு யாராவது வேலைக்குப் போவார்களா என்று கேட்கப்படுகிறது. கேட்பவருக்கு இது மறுக்க முடியாத கணக்காகத் தோன்றுகிறது, கேட்கப்படும் பெண்ணும் பதில் சொல்லத் தெரியாமல் நின்றுவிடுகிறாள். ஆனால் இக்கணக்கின் முதல் வரியிலேயே பிழை இருக்கிறது. நோயாளியைப் பார்க்கும் ஆளின் சம்பளம் ஏன் மருமகளின் சம்பளத்தோடு மட்டும் ஒப்பிடப்பட வேண்டும்? நோயாளி பெற்ற பிள்ளைகள் மூவர் இருந்தால் அந்த இருபதாயிரம் மூவர் வருமானத்திலும் விழ வேண்டிய செலவு. வாடகையையும் மின்கட்டணத்தையும் வீட்டின் மொத்த வருமானத்திலிருந்து கழிக்கும் குடும்பம், பராமரிப்பை மட்டும் ஒருத்தியின் கூலியிலிருந்து கழிக்கிறது. அவள் இலவசமாகச் செய்யப்போகும் வேலைக்குச் சந்தையில் விலை இருபதாயிரம் என்று அந்த வீடே ஒப்புக்கொண்ட பிறகும், அவள் வீட்டில் சும்மாதான் இருக்கிறாள் என்ற பேச்சு அடுத்த ஆண்டே தொடங்கிவிடுகிறது.

இரண்டாவது பிழை, சம்பளம் என்பதைக் கையில் வரும் பணமாக மட்டும் எண்ணுவதாகும். வருங்கால வைப்புநிதித் திட்டத்துக்கு உட்பட்ட ஒரு நிறுவனத்தில், பன்னிரண்டாயிரம் முழுவதும் அத்திட்டத்துக்குரிய ஊதியமாகக் கணக்கிடப்படுமானால், அவளுடைய பங்காக 12 விழுக்காடு, அதாவது 1,440 ரூபாய், மாதந்தோறும் கழிக்கப்படுகிறது. முதலாளியும் அதே 12 விழுக்காட்டைச் செலுத்துகிறார். முதலாளியின் பங்கில் 8.33 விழுக்காடு ஓய்வூதியத் திட்டத்துக்கும், எஞ்சிய 3.67 விழுக்காடு அவளுடைய வைப்புநிதிக்கும் போகின்றன. ஆக வைப்புநிதியில் மட்டும் மாதம் 1,880 ரூபாய் சேர்கிறது. பத்தாண்டுகளில் வட்டியைச் சேர்க்காமலே அது இரண்டேகால் லட்சம் ரூபாய். பணிக்கொடை என்பது நீண்ட பணிக்காக முதலாளி கொடுக்க வேண்டிய தொகை. நிரந்தரப் பணியாளர் ஐந்தாண்டு தொடர்ந்து வேலை செய்திருந்தால், ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினைந்து நாள் ஊதியம் என்ற வீதத்தில் அது வரும். மாதத்துக்கு இருபத்தாறு வேலைநாள் என்று கொள்ளும் பணிக்கொடைச் சட்டத்தின் முறைப்படி, பன்னிரண்டாயிரம் ரூபாய் ஊதியத்துக்குப் பத்தாண்டுப் பணிக்கொடை 69,000 ரூபாயைத் தாண்டுகிறது. நான்காம் ஆண்டில் நிற்கச் சொல்லப்பட்டவளுக்கு அதில் ஒரு காசும் இல்லை.

ஓய்வூதியத்தில் இந்த இழப்பு இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. 1995ஆம் ஆண்டுத் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தின்கீழ் மாத ஓய்வூதியம் பெறக் குறைந்தது பத்தாண்டுப் பணி வேண்டும். ஊதியத்தைப் பணியாண்டுகளால் பெருக்கி எழுபதால் வகுத்தால் கிடைப்பது ஓய்வூதியம். பன்னிரண்டாயிரத்துக்குப் பத்தாண்டு என்றால் மாதம் 1,714 ரூபாய், பதினெட்டாண்டு என்றால் 3,086 ரூபாய். பிள்ளைகள் வளர்ந்த பிறகு நாற்பது வயதில் வேலைக்குத் திரும்பும் பெண்ணுக்கு ஐம்பத்தெட்டு வயது வரை சரியாகப் பதினெட்டாண்டுகள் இருக்கின்றன. தொகை சிறியதுதான், ஆனால் தன் பெயரில், தன் உழைப்பால், எந்தப் பிள்ளையின் கையையும் எதிர்பாராமல் மாதந்தோறும் வரும் தொகை அது. ஐந்தாறு ஆண்டில் வேலையை விட்டு, அவசரச் செலவுக்கென்று ஓய்வூதியப் பங்கையும் சேர்த்து எடுத்துவிட்டால், அந்தப் பணிக்காலம் அத்தோடு அழிந்துபோகிறது. பணத்தை எடுக்காமல் திட்டச் சான்றிதழ் என்ற ஆவணத்தைப் பெற்றுவைத்தால், பின்னர் வேறு வேலையில் சேரும்போது பழைய ஆண்டுகளைப் புதியவற்றோடு கூட்டிக்கொள்ளலாம். இந்த ஒரு செய்தி மட்டும் தொழிற்பேட்டைப் பெண்கள் அனைவருக்கும் எட்டியிருந்தால் எத்தனையோ பேரின் முதுமை சற்றே நிமிர்ந்திருக்கும்.

மருத்துவத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மாதம் 21,000 ரூபாய்க்குள் ஊதியம் பெறுவோருக்கான இஎஸ்ஐ காப்பீடு, தொழிலாளியோடு அவரைச் சார்ந்த பெற்றோருக்கும் சிகிச்சை அளிக்கிறது. 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு, பெண் தொழிலாளியின் மாமனார் மாமியாரையும் குடும்பம் என்ற வரையறைக்குள் கொண்டுவந்திருக்கிறது. கணவனுக்கு இஎஸ்ஐ இல்லாத வீட்டில், மாமியாரைப் பார்ப்பதற்காக மருமகள் வேலையை விட்டால், அந்த மாமியாரின் சிகிச்சைக்கான காப்பும் அவளுடைய வேலையோடு போய்விடக்கூடும். இதே இஎஸ்ஐ, தொழிலாளி தானே நோயுற்றால் ஆண்டில் 91 நாள் வரை ஊதியத்தில் 70 விழுக்காட்டைப் பணமாகத் தருகிறது. வீட்டில் ஒருவர் நோயுற்று அவரைப் பார்க்கத் தொழிலாளி விடுப்பு எடுத்தால் எதுவும் தருவதில்லை. அவளை வேலையைவிட்டுத் தள்ளும் இடைவெளி துல்லியமாக இதுதான்.

கொஞ்ச நாளைக்கு நின்றுகொள், பிறகு போகலாம் என்ற ஆறுதல் உண்மைக்கு மாறானது. குழந்தைப் பராமரிப்பு ஆண்டுக்கு ஆண்டு இலகுவாகும், முதியோர் பராமரிப்பு ஆண்டுக்கு ஆண்டு கடினமாகும், எப்போது முடியும் என்பது எவருக்கும் தெரியாது. அது முடியும்போது அவளுக்கு ஐம்பத்திரண்டு வயதாகியிருக்கும். முப்பதைத் தாண்டியவர்களையே யோசித்து எடுக்கும் ஆலைகள் அவளுக்காகக் காத்திருப்பதில்லை. பிறகு கணவனின் முறை வருகிறது. மனைவி பெரும்பாலும் கணவனைவிட இளையவள், பெண்ணின் ஆயுளும் ஆணின் ஆயுளைவிட நீண்டது. ஆகவே அவனைக் கடைசிவரை பார்த்துக்கொள்ள அவள் இருப்பாள், அவளைப் பார்த்துக்கொள்ள யார் இருப்பார் என்பதற்கு விடை இல்லை. அவனுடைய ஓய்வூதியம் அவளுக்கு வருமே என்று சொல்லப்படுவதுண்டு. ஒன்றிய அரசுப் பணியில் இருந்தவரின் குடும்ப ஓய்வூதியம் சாதாரண வீதத்தில் கடைசிச் சம்பளத்தின் 30 விழுக்காடு. தனியார் ஆலைத் தொழிலாளியின் விதவைக்கு வருவதோ பல வீடுகளில் மாதம் ஆயிரம் ரூபாயை ஒட்டிய தொகைதான்.

பெற்றவர்களைப் பார்ப்பது கடமை, அதற்குக் கணக்குப் பார்க்கலாமா என்பது உணர்ச்சியைத் தொடும் எதிர்வாதம். பார்க்க வேண்டியது கடமைதான். முதியவர்களைக் கைவிடச் சொல்லும் எந்த வாதமும் வாதமே அல்ல. ஆனால் கடமை யாருடையது என்ற கேள்விக்குச் சட்டம் தெளிவாகவே விடை சொல்லியிருக்கிறது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம், 2007, பிள்ளைகள் என்பவர் மகன், மகள், பேரன், பேத்தி என்று வரையறுக்கிறது. அந்தப் பட்டியலில் மருமகள் இல்லை. மகனுக்குச் சட்டமும் அறமும் விதித்த கடமை, எழுதப்படாத ஓர் ஒப்பந்தத்தின் வழியாக மனைவியின் கைக்கு மாற்றப்படுகிறது. தாயைப் பார்த்துக்கொண்டான் என்ற பெயர் அவனுக்கு நிற்கிறது, நின்றுபோன வேலை அவளுடையதாகிறது. அவள் தன் சொந்தத் தாயைப் பார்க்கப் பத்து நாள் போய்வர வேண்டுமானால் அதற்கு அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது என்பதையும் மறந்துவிடலாகாது. அன்போடு செய்கிறாள் என்பது உண்மையாக இருக்கலாம். அன்பு இருக்கும் இடத்தில் இழப்பீடு தேவையில்லை என்பது அதிலிருந்து பிறக்கும் முடிவு அன்று. அன்புள்ள மகனும் வேலையை விட்டு நிற்பதில்லை.

பெண்களே சொல்லும் ஒரு வாதத்துக்குக் கூடுதல் மரியாதை தர வேண்டும். வேலைக்கும் போய் வீட்டையும் பார்த்து உடம்பு ஓய்ந்துவிட்டது, நின்றால் போதும் என்று அவர்கள் சொல்கிறார்கள். விடியுமுன் எழுந்து சமைத்து, படுத்திருப்பவரைத் துடைத்து உடை மாற்றி, வெள்ளானூரிலிருந்து பஸ்ஸிலோ ஷேர் ஆட்டோவிலோ ஆவடிக்கு வந்து, அண்ணனூர், திருமுல்லைவாயல், அம்பத்தூர் தாண்டிப் பட்டரவாக்கத்தில் மின்ரயிலை விட்டு இறங்கி, எட்டு மணி நேரம் எந்திரத்தின் முன் குனிந்திருந்து, அதே வழியில் திரும்பி இரவுச் சமையலைத் தொடங்கும் பெண்ணின் சோர்வை யாரும் கற்பனை என்று தள்ள முடியாது. நகரப் பேருந்தில் 2021 மே முதல் கட்டணமின்றிப் போகலாம் என்பது அவளுக்குப் பணத்தை மிச்சப்படுத்தியது, நேரத்தை அன்று. ஆயினும் இந்தச் சோர்வுக்குக் காரணம் சம்பளம் தரும் எட்டு மணி நேரமா, வீட்டில் ஒருவரும் பகிர்ந்துகொள்ளாத அந்த 201 நிமிடமா என்பதே கேள்வி. இரண்டு சுமையில் பணம் தரும் சுமையை இறக்கிவைத்துவிட்டுப் பணம் தராத சுமையை முழுதாகத் தூக்கிக்கொள்வதை ஓய்வு என்று அழைக்கக் கூடாது.

வீட்டில் இருந்தபடியே ஏதாவது செய்யலாமே என்ற யோசனையும் நல்லெண்ணத்தோடு சொல்லப்படுவதுதான். பிளவுஸ் தைப்பது, டியூஷன் எடுப்பது, சாப்பாடு கட்டிக் கொடுப்பது, சேலை வாங்கி விற்பது என்று பல வழிகள் இருக்கின்றன. அவற்றால் வீட்டை நிமிர்த்தியவர்களும் இருக்கிறார்கள். ஆனால் வீட்டிலிருந்து செய்யும் வேலைக்குத் தொடங்கும் நேரம் உண்டே தவிர முடியும் நேரம் இல்லை, அதற்கு வைப்புநிதி இல்லை, காப்பீடு இல்லை, விடுப்பும் இல்லை. வீட்டில் ஒருவர் கூப்பிட்டால் எந்திரத்தை நிறுத்திவிட்டு எழ வேண்டும் என்பது அதன் எழுதாத விதி. அதனால் அது எந்தக் கருத்தை எதிர்க்க வேண்டுமோ அந்தக் கருத்துக்கே, கைச்செலவு என்ற பெயருக்கே, திரும்பவும் இரையாகிறது.

அரசு இந்த உழைப்பைக் காணவே இல்லை என்று சொல்வது நியாயமாகாது. 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் திட்டம் 1 கோடியே 6 லட்சம் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் அளித்ததோடு, அதை உதவி என்று சொல்லாமல் உரிமைத் தொகை என்று பெயரிட்டது. அந்தப் பெயரின் மதிப்பு பெரிது. ஆனால் அதைக் காட்டி, இனி அவளுக்கு வேறு வருமானம் எதற்கு என்று கேட்பவர்கள், 289 நிமிட வேலையை அந்த ஆயிரத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும்; மணிக்கு ஏழு ரூபாய்கூட ஆகாது. நீதிமன்றங்களும் தம் பங்கைச் செய்திருக்கின்றன. இல்லத்தரசியின் உழைப்புக்குப் பண மதிப்பு உண்டு என்பதை 2009ஆம் ஆண்டு சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் விரிவாக எழுதினார். 2010இலும் 2021இலும் உச்ச நீதிமன்றம் அதே வழியில் நடந்தது. ஆனால் அவை யாவும் விபத்தில் இறந்த பெண்களுக்கான இழப்பீட்டு வழக்குகள். உயிரோடு இருக்கும் மனைவியின் வீட்டு உழைப்பும் சொத்தில் பங்குக்கு அடிப்படையாகும் என்று சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி 2023 ஜூன் 21 அன்று நெய்வேலிக் குடும்பம் ஒன்றின் வழக்கில் தீர்ப்பளித்ததே இந்த வரிசையில் புதிய அடி. அதற்கு நேரடியான சட்டம் ஏதும் இல்லை என்பதையும் அத்தீர்ப்பே குறித்தது. வீட்டைப் பார்த்ததற்கான பங்கை வழக்காடித்தான் பெற வேண்டும் என்ற நிலையில், சொந்தச் சம்பளத்தை விட்டுவிடச் சொல்வது எந்த வகையில் நல்ல அறிவுரையாகும்?

சொத்தைப் பற்றிய பேச்சில் இந்த வயதுப் பெண்களுக்கே உரிய ஒரு காயம் இருக்கிறது. மகளுக்கும் கூட்டுக்குடும்பச் சொத்தில் சம உரிமை தந்த தமிழ்நாட்டுத் திருத்தச் சட்டம் 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்தபோது, அதற்கு முன் மணமாகிவிட்ட மகள்களை விலக்கிவைத்தது. 2005ஆம் ஆண்டு ஒன்றியச் சட்டம் வரும்வரை அந்த விலக்கு நீடித்தது. அதற்குள் பல குடும்பங்களில் பாகம் பிரிந்து முடிந்திருந்தது. புறநகர் விரிந்து, நஞ்சையும் புஞ்சையும் மனைகளாகி, சென்ட் கணக்கில் விலை ஏறிய ஊர்களில், உரிமை இருந்த மகள்களும் பிறந்த வீட்டு உறவு அறுந்துவிடக் கூடாதே என்று அண்ணன் தம்பிகளுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்கள். பிறந்த வீட்டு மண் கையைவிட்டுப் போயிற்று, புகுந்த வீடு கணவன் பெயரில் இருக்கிறது. அவள் பெயரில் எஞ்சியது அந்த மாதச் சம்பளம் ஒன்றுதான். அதைத்தான் கைச்செலவு என்கிறார்கள்.

மீண்டும் பராமரிப்பின் பக்கம் திரும்பினால், 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், வீட்டுக்கே வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, படுக்கையில் இருப்போருக்கு வலிநிவாரணப் பராமரிப்பும் இயன்முறை மருத்துவமும் அளிக்க முடியும் என்பதைக் காட்டியிருக்கிறது. வீட்டுப் பராமரிப்பு என்பது மருமகளின் தலைவிதி அன்று, பொதுச் சேவையாக அமைக்கத்தக்கது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை. ஆனால் அத்திட்டத்தில் தெருத்தெருவாக நடக்கும் பெண்கள், மகளிர் சுயஉதவிக் குழுக்களிலிருந்து வந்தவர்கள், தன்னார்வலர் எனப்படுகிறார்கள். அவர்கள் பெறுவது ஊக்கத்தொகை எனப்படுகிறது. நாள்தோறும் செய்யும் வேலைக்கு ஊதியம் என்ற சொல்லை மறுப்பதும் கைச்செலவு என்ற வீட்டுச் சொல்லும் ஒரே மனப்பான்மையின் இரு முகங்கள். அங்கன்வாடிப் பணியாளர்கள் மதிப்பூதியம் பெறுவோர் என்ற காரணத்தால் அவர்களுக்கு மறுக்கப்பட்ட பணிக்கொடையைப் பெற 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு தேவைப்பட்டது.

ஆகவே வேண்டப்படுவது பெண்களுக்கு இன்னொரு திறமையைக் கற்றுக்கொடுப்பது அன்று. சமாளிக்கும் திறமை அவர்களிடம் ஏற்கெனவே அளவுக்கு மேல் இருக்கிறது. குடும்பப் பொறுப்புள்ள தொழிலாளர்களுக்கான பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 156ஆம் உடன்படிக்கை 1981ஆம் ஆண்டு நிறைவேறியது. குழந்தைகளை மட்டுமன்றிப் பராமரிப்புத் தேவைப்படும் பிற குடும்பத்தினரையும் கருதும் அந்த உடன்படிக்கை, ஆண் பெண் இருபாலருக்கும் பொதுவானது. இந்தியா அதை ஏற்கவில்லை. தொழிற்சாலையில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுச் சட்டமே சொன்னது, பகல்நேர முதியோர் காப்பகத்துக்கு அப்படி ஒரு விதியும் இல்லை. இஎஸ்ஐ நோய்க்காலப் பணப்பயனைக் குடும்பத்தாரைப் பராமரிக்கும் விடுப்புக்கும் நீட்டலாம். அதற்கான நிதியும் அலுவலகமும் படிவங்களும் ஏற்கெனவே இருக்கின்றன. அந்த விடுப்பை மகனும் எடுக்கும்படி அமைக்க வேண்டும் என்பதே அதில் முதன்மையான நிபந்தனை. ஆவடியிலும் அம்பத்தூரிலும் ஊதிய ஒப்பந்தத்துக்காகப் பேசும் தொழிற்சங்கங்கள் அடுத்த கோரிக்கைப் பட்டியலில் இதைக் கடைசி வரியாக அல்லாமல் முதல் வரியாக எழுத வேண்டும்.

சட்டம் மாறும்வரை வீடுகள் காத்திருக்கத் தேவையில்லை. மனைவியை, மருமகளை, அக்காவை வேலையிலிருந்து நிற்கச் சொல்ல எண்ணும் ஒவ்வொருவரும், அதற்கு முன் உடன்பிறந்தவர்களைக் கூட்டி ஆளுக்கு எவ்வளவு தருவார்கள் என்று கேளுங்கள். பிறகு அவளுடைய வருங்கால வைப்புநிதிக் கணக்கை எடுத்து, பத்தாண்டு நிறைய இன்னும் எத்தனை மாதம் இருக்கிறது என்று அவளோடு உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள்.